பித்தளைக் கூட்டுக்கு மெழுகு எதற்கு?

துப்பாக்கிப் பிரியர்களின் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி எடுத்து, விரலால் மெழுகு மாதிரி ஏதோ தடவி, ஒரு பிரஸ்ஸில் வைத்து அழுத்துகிறார்கள். தடவாமல் அழுத்தினால் என்ன ஆகிவிடும்?”

பிரஸ்ஸில் பொருத்திய எஃகு அச்சுக்குள் கூடு சிக்கிக்கொள்ளும். சாதாரணமாக அல்ல, வெளியே இழுத்தால் கூட்டின் அடிவிளிம்பு பிய்ந்து கையோடு வந்துவிடும், கூடு உள்ளேயே நிற்கும். அப்புறம் அதைத் துளைபோட்டு, மரை வெட்டி, திருகாணியால் இழுத்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில், அழுத்துவது எதற்கு? வெடிமருந்து எரியும்போது, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் அழுத்தம் எகிறுகிறது. .308 வின்செஸ்டர் என்ற பிரபலமான ரகத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் சுமார் 4,200 வளிமண்டலம். கூடு புடைத்துப்போய் எஃகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, வாயு பின்னால் கசியாமல் அடைப்பதும் இந்தப் புடைப்புதான். அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கும், ஆனால் மீள்தன்மை எல்லையைத் தாண்டி நீண்டது நீண்டதுதான். மறுபடி மருந்து நிரப்ப வேண்டுமென்றால் ‘டை’ எனப்படும் எஃகு அச்சுக்குள் தள்ளிப் பழைய அளவுக்கு இறுக்க வேண்டும். டையின் உள்ளளவு தேவையைவிட ஒரு துளி குறைவாகவே இருக்கும், வெளியே வந்ததும் பித்தளை சற்று விரியும் அல்லவா? கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பகுதியைப் பின்னுக்குத் தள்ளும் தூரம் பெரும்பாலும் 0.05 மில்லிமீட்டரைத் தாண்டாது.

சரி, ஏன் சிக்குகிறது?

டையின் உட்புறம் எவ்வளவு பளபளத்தாலும் நுண்ணளவில் மேடும் பள்ளமும்தான். இரண்டு உலோகங்கள் தொடும்போது மேடுகளின் நுனிகள் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் 1939-இல் இதை அளந்து காட்டினார்கள்: கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிக மிகச் சிறிய பங்குதான் நிஜமான தொடுபரப்பு. முழுச் சுமையும் அந்த நுனிகளில் இறங்குவதால் அவை நசுங்குகின்றன, மேலே இருக்கும் ஆக்சைடுத் தோல் கிழிகிறது, வெறும் உலோகம் வெறும் உலோகத்தைத் தொடுகிறது. அந்த இடத்தில் ‘இது பித்தளை, அது எஃகு’ என்ற எல்லையை அணுக்கள் பார்ப்பதில்லை, பிணைந்துவிடும். நெருப்பே இல்லாத வெல்டிங். தொடர்ந்து தள்ளினால் மென்மையான பித்தளைதான் பிய்யும். பிய்ந்த துணுக்கு டையில் ஒட்டி நின்று, அடுத்து வரும் பரப்பைக் கீறும். போதாததற்கு, இங்கே கூட்டின் தோலே வடிவம் மாறிக்கொண்டிருப்பதால் புதுப்புது உலோகம் வெளியே வந்துகொண்டே இருக்கும்.

எண்ணெய் விட்டால் போதாதா? மெல்லிய எண்ணெய் இந்த இடத்தில் தாங்காது. சுழலும் தண்டுக்கு எண்ணெய் உதவுவது வேகத்தால். வேகம் எண்ணெயை இடைவெளிக்குள் இழுத்து, தண்டை அதன் மேல் மிதக்க வைக்கிறது. கைப்பிடி பிரஸ் மெதுவாக நகர்வது, எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிடும். எஞ்சுவது உலோகத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் மூலக்கூறுகள் மட்டும்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். மெழுகில் இருக்கும் கொழுப்பு அமிலம் போன்ற மூலக்கூறுக்கு ஒரு தலை, நீண்ட ஒரு வால். தலை உலோகப் பரப்பைப் பிடித்துக்கொள்ளும்; துத்தநாகமும் செம்பும் இருக்கும் பித்தளையில் வேதிவினை புரிந்து சோப்பாகவே மாறி ஊன்றிக்கொள்ளும். வால்கள் வயலில் நட்ட நாற்றுபோல நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும். எதிர்ப்புறம் எஃகின் மேலும் இதே ஏற்பாடு. வாலின் மேல் வால் வழுக்கிப் போகிறது, உலோகம் உலோகத்தைத் தொடுவதே அரிது. ஸ்டியரிக் அமிலத்தின் இப்படி ஒரு அடுக்கு சுமார் 2.5 நானோமீட்டர், தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. பித்தளையையே வளைக்கிற விசைக்கு நடுவே இது கிழியாமல் நிற்கிறது! மூலக்கூறு அடுக்கால் நடக்கும் இத்தகைய மசகிடலை 1922-இல் ஒரு தனி வகையாகப் பிரித்துக் காட்டியவர்கள் ஹார்டியும் டபுள்டேயும். ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் லனோலின் இந்த வேலையில் பெயர் வாங்கியதற்குக் காரணமும் அதன் நீண்ட மூலக்கூறுகள்தான். ஆளாளுக்கு ஒரு ரகசியக் கலவை வைத்திருப்பார்கள். ரகசியத்தில் பெரும்பகுதி இந்த வாலுக்குள் அடக்கம்.

உராய்வு ஆராய்ச்சிக்குக் கருந்துளைக்குக் கிடைக்கும் கவர்ச்சி கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். 1966-இல் பிரிட்டனில் வந்த ஜோஸ்ட் அறிக்கை, மசகைச் சரியாகக் கவனித்தாலே ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று கணக்குப் போட்டது. நிதிக் குழுக்கள் இதை அடிக்கடி எடுத்துப் படிக்கலாம்.

‘கொஞ்சம் நல்லதென்றால் நிறைய இன்னும் நல்லது’ என்ற கணக்கு இங்கே பலிக்காது. தோள்பகுதியில் மசகு தேங்கினால் அதற்குப் போக வழியில்லை. திரவம் லேசில் சுருங்காது, ஆகவே பித்தளைதான் உள்வாங்கும். கூட்டில் பள்ளம் விழும். அதனால்தான் பல டைகளில் ஒரு சிறு துளை விட்டிருப்பார்கள். கழுத்தின் உட்புறத்துக்கு உலர்ந்த கிராஃபைட் தூள் போடுவதுண்டு, ஈரப்பசை மருந்தைக் கெடுத்துவிடும் என்று.

இறுக்கி முடித்ததும் மசகைத் துடைத்தே ஆக வேண்டும். வழவழத்த கூடு அறைச் சுவரைப் பிடிக்காமல் முழு உதையையும் அறையின் பின்வாயை அடைத்து நிற்கும் போல்ட்டுக்குக் கடத்திவிடும். துடைக்கிறேன் என்று அம்மோனியா கலந்த பாலிஷை எடுக்கக் கூடாது. இறுக்கிய பித்தளைக்குள் உள் இறுக்கம் தேங்கியிருக்கும், அதோடு அம்மோனியா சேர்ந்தால் வெடிப்பு விடும். பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் விரிசல் விட்டது இப்படித்தான்: குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா. காரணம் தெளிவாக 1921 ஆகிவிட்டது.