பனியின் மேல் ஒரு பிடி சாம்பல்

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலிருந்து ஒரு வாசகி மார்ச் மாதக் கடைசியில் எழுதியிருந்தார்: "கத்தரியும் மிளகாயும் நாற்றாகி ஜன்னலோரம் நிற்கின்றன. பின்வளவிலோ இன்னும் ஓர் அடிப் பனி. உப்புத் தூவினால் கெதியாகக் கரையும் என்கிறார் என் கணவர். பக்கத்து வீட்டு இத்தாலியப் பெரியவர் தன் பாத்திகளின் மேல் விறகடுப்புச் சாம்பலை விசிறிக்கொண்டிருக்கிறார். யார் செய்வது சரி?"

பெரியவர் செய்வதுதான். கணவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். உப்பு பனியைக் கரைக்கும் என்பதில் பிழையில்லை. நீரின் உறைநிலையை அது தாழ்த்துகிறது, பள்ளிக்கூடத்தில் படித்த சங்கதிதான். ஆனால் கரைந்த உப்புநீர் பாத்திக்குள்தான் இறங்கும். சோடியம் களிமண்ணின் கட்டுக்கோப்பைக் குலைத்து, நீரும் காற்றும் புகாதபடி இறுக்கிவிடும். உப்பு நடைபாதையோடு நிற்கட்டும்.

வெந்நீர் ஊற்றலாமே என்று அடுத்த கேள்வி வரும். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 80 டிகிரி வெந்நீர் ஒரு லிட்டர், பூச்சியம் டிகிரிக்குக் குளிரும்போது விடும் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவுதான். அதாவது ஒரு கிலோ பனிக்கு ஒரு லிட்டர் வெந்நீர். மார்ச் மாதத்துப் பழைய, அமுங்கிய பனி ஓர் அடி கிடந்தால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 90 கிலோ தேறும். ஒரு சின்னப் பாத்திக்கு எத்தனை அண்டா வெந்நீர் என்று பெருக்கிப் பார்த்தால் எரிவாயுக் கட்டணம் கண்முன் வந்து நிற்கும். போதாக்குறைக்குச் சேறு இரண்டு மடங்கு.

அவ்வளவு வெப்பத்தை இலவசமாகத் தரக்கூடியவர் சூரியன் ஒருவர்தான். கோடை நெருங்கும்போது பகல் நீள்கிறது, வெயில் உறைக்கிறது. ஆனாலும் பனி அசையாமல் கிடக்கிறது. குளிர் அதிகம் என்பது பாதிக் காரணம். வந்த வெயிலைப் பனி வாங்காமலே திருப்பி அனுப்பிவிடுகிறது என்பது மீதிப் பாதி. புதிதாக விழுந்த பனி தன் மேல் படும் சூரிய ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பிவிடும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. பனிக்கட்டி வெள்ளை நிறப் பொருளே அல்ல. ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கண்ணாடி. கண்ணுக்குப் புலப்படும் ஒளியை அது கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. பிறகு பனிக்குவியல் எப்படி வெள்ளையாயிற்று? அது மில்லிமீட்டருக்கும் குறைவான கோடானுகோடிப் பளிங்குத் துணுக்குகளின் குவியல், நடுநடுவே காற்று. உள்ளே நுழையும் ஒளிக்கதிர் ஒவ்வொரு துணுக்கின் விளிம்பிலும் கொஞ்சம் வளைகிறது, கொஞ்சம் தெறிக்கிறது. வழி தெரியாமல் நூற்றுக்கணக்கான துணுக்குகளுக்குள் புகுந்து புறப்பட்டு, கடைசியில் வந்த பக்கமே வெளியேறுகிறது. எந்த நிறமும் வழியில் பெரிதாகத் தொலைவதில்லை. எல்லா நிறமும் திரும்பி வருவதால் நமக்கு வெண்மை. பனியில் குச்சியால் ஆழமாக ஒரு துளை போட்டு எட்டிப் பார்த்தால் உள்ளே மெல்லிய நீலம் தெரியும். நெடுந்தூரம் அலைந்த ஒளியில் சிவப்பு மட்டும் சற்றுக் கூடுதலாகத் தேய்ந்துபோனதன் அடையாளம் அது.

இப்போது அந்தக் குவியலுக்குள் ஒரு கரித்துகளைப் போடுங்கள். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஒரு பிக்பாக்கெட்காரன் புகுந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். நேரே நடந்து கடந்துபோகிறவன் அவனிடம் சிக்காமல் தப்பலாம். கூட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறவன் எப்போதாவது அவன் பக்கத்தில் போய் நின்றுதான் தீர வேண்டும். பனிக்குள் அலையும் ஒளியின் கதி அதுதான். சுவரில் ஒரு கரும்புள்ளி வைத்தால் அந்தப் புள்ளியளவு ஒளிதான் நஷ்டம். பனிக்குள்ளோ அதே கரித்துகள் சுற்றுவட்டாரத்து ஒளியையெல்லாம் தின்கிறது. அதனால்தான் பத்து லட்சத்தில் ஒரு பங்கு புகைக்கரி கலந்தாலே பனியின் வெண்மை குறைந்திருப்பதைக் கருவிகள் காட்டிவிடுகின்றன. 1980-இல் ஸ்டீபன் வாரனும் வாரன் விஸ்கோம்பும் இதைக் கணக்கிட்டு எழுதிய கட்டுரைகள் இன்றும் பனி ஆய்வாளர்களுக்குப் பாடம்.

சாம்பல், கரியளவுக்குக் கறுப்பல்ல. ஆனால் பிடிபிடியாக அள்ளி விசிறலாமே. எதிரொளிப்பு 80 விழுக்காட்டிலிருந்து 50-க்கு இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல வெயில் நாளில் சதுர மீட்டருக்கு 15 மெகாஜூல் ஒளி வந்தால், சுத்தமான பனி எடுத்துக்கொள்வது 3 மெகாஜூல், சாம்பல் பட்டது எடுத்துக்கொள்வது 7.5. முன்னதில் ஒரு நாளைக்கு 9 கிலோ கரையும், பின்னதில் 22 கிலோ. ஆக, 90 கிலோ பனி பத்து நாளில் போவதற்குப் பதில் நான்கே நாளில் போய்விடும். இரவுக் குளிரையும் மேகத்தையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவை சேர்ந்தால் நாள் எண்ணிக்கை நீளும், இரண்டுக்கும் உள்ள இடைவெளி மறையாது.

பெஞ்சமின் பிராங்க்ளின் இதைத் தையற்காரரின் துணி மாதிரிகளை வைத்தே பார்த்துவிட்டார். கறுப்பு, கருநீலம், வெளிர்நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று சிறு துண்டுகளை வெயிலடிக்கும் காலையில் பனிமேல் பரப்பினார். சில மணி நேரத்தில் கறுப்பு, வெயில் படாத ஆழத்துக்கு இறங்கிவிட்டது. கருநீலம் ஏறக்குறைய அதே ஆழம். வெள்ளை மட்டும் வைத்த இடத்திலேயே கிடந்தது. 1761-இல் மேரி ஸ்டீவன்சன் என்ற இளம்பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் இதை விவரித்திருக்கிறார். செலவு ஏதுமில்லை. ஸ்கார்பரோக் குழந்தைகள் பழைய துணியை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கலாம்.

கரைதல் தொடங்கிவிட்டால் பிறகு அது தன்னைத்தானே முடுக்கிக்கொள்ளும். ஈரம் பட்ட துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகின்றன. பெரிய துணுக்குக்குள் ஒளி கூடுதல் தூரம் போகிறது, குறிப்பாக அகச்சிவப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. தூசியில் பெரும்பகுதி நீரோடு போகாமல் மேற்பரப்பிலேயே தேங்குகிறது. டிசம்பரில் ஒரு படலம், ஜனவரியில் ஒரு படலம் என்று பனிக்குள் புதைந்திருந்த அழுக்கெல்லாம் ஏப்ரலில் ஒரே தளத்துக்கு வந்து சேர்ந்து பனியை இன்னும் கறுப்பாக்குகிறது.

அப்படியானால் கடைத்தெரு வாகன நிறுத்தத்தில் கறுத்து, அசிங்கமாகக் கிடக்கும் பனிமலைதானே முதலில் கரைய வேண்டும்? அதுதான் கடைசியில் கரைகிறது. அவ்வளவு பெரிய குவியல் என்பது ஒரு காரணம். இன்னொன்று அழுக்கின் தடிமன். மெல்லிய படலம் உறிஞ்சிய வெப்பம் உடனே பனிக்குப் போய்ச் சேரும். படலம் தடித்தால் வெயில் மேல்மண்ணைச் சுடவைக்கும், சூடு கீழே இறங்காது, அழுக்கே போர்வையாகிவிடும். இந்தத் திருப்பத்தைப் பனியாறுகளில் அளந்து 1959-இல் வரைபடமாகத் தந்தவர் குன்னார் ஓஸ்ட்ரெம். சில மில்லிமீட்டர் மண் உருகலை விரைவாக்கும், இரண்டு சென்டிமீட்டர் அளவைத் தாண்டிவிட்டால் தாமதப்படுத்தத் தொடங்கும். எனவே வாசகிக்கு முதல் எச்சரிக்கை: கொட்டாதீர்கள், தூவுங்கள். பனி இடையிடையே வெள்ளையாகத் தெரிய வேண்டும்.

இந்த அளவை லடாக்கின் சன்ஸ்கார் பள்ளத்தாக்கு விவசாயிகள் வரைபடம் இல்லாமலே அறிவார்கள். சுமார் 3,500 மீட்டர் உயரம். பார்லியும் பட்டாணியும் விளைந்து முற்றுவதற்குக் கிடைக்கும் கோடை மிகக் குறுகியது. விதைப்பு தள்ளிப்போனால் கதிர் முற்றுமுன் குளிர் வந்துவிடும். ஆகவே பனி விழுவதற்கு முன்பே மண்ணைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வசந்தம் தொடங்கும்போது வயல் பனியின் மேல் தூவுகிறார்கள். ஓஸ்ட்ரெமுக்கு எவ்வளவோ காலம் முந்திய அறிவு இது.

வசந்தம் எப்போது வரும் என்று கணிக்கக் கனடாவிலும் ஒரு மரபு உண்டு. ஒன்டாரியோவின் வயார்ட்டன் ஊரில் ஆண்டுதோறும் பிப்ரவரி 2 அன்று வளையில் வாழும் கிரவுண்ட்ஹாக் என்ற கொறிவிலங்கை மேடையேற்றுவார்கள். அது தன் நிழலைக் கண்டால் குளிர்காலம் இன்னும் ஆறு வாரம், காணாவிட்டால் வசந்தம் சீக்கிரம். கௌளி பலன் பார்க்கும் நாம் இதைக் கேட்டுச் சிரிக்க முடியாதுதான். ஊர்த் திருவிழாவாக அது நடந்துவிட்டுப் போகட்டும். பருவத்தைக் கணிக்கப் பனியை அளக்க வேண்டும், அந்த வேலையில் மேளதாளம் கிடையாது. பனிக்குள் குழாயை இறக்கி, எடுத்து, நிறுத்துப் பார்த்து, எத்தனை நீர் இருக்கிறது என்று சொல்லும் முறையை 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நெவாடாவில் உருவாக்கிய ஜேம்ஸ் சர்ச், செவ்வியல் இலக்கியப் பேராசிரியர். லத்தீன் வாத்தியார் மலையேறிப் பனியை நிறுத்தார்! சிந்துவுக்கும் கங்கைக்கும் தண்ணீர் தரும் இமயமலையின் உயரங்களில் இன்றும் அளவீட்டு நிலையங்கள் அரிது. ஏவூர்திக்குச் செலவிடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு தராசும் ஒரு குழாயும் அவற்றைத் தூக்கிக்கொண்டு மாதந்தோறும் மலையேற ஒரு ஆளும் கேட்டால் மட்டும் நிதி இல்லை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பாத்திக்கு வருவோம். மரச்சாம்பல் காரத்தன்மை உடையது. ஒரு பருவத்துக்கு ஒரு மெல்லிய தூவலோடு நிறுத்துங்கள். ஏற்கெனவே சாம்பல் போட்ட பாத்தியென்றால் உலர்ந்த மக்கு உரத்தைத் தூவலாம், அதுவும் கறுப்புதான். நிலக்கரிச் சாம்பல் வேண்டாம். காலையில் வெயில் வந்தபின் தூவுங்கள். மறுநாள் புதுப்பனி என்று வானிலை அறிக்கை சொன்னால் பொறுத்திருங்கள், ஒரு விரல்கடைப் புதுப்பனி உங்கள் உழைப்பை மூடிவிடும்.

பனி போனதும் காலை வைத்துவிடாதீர்கள். ஊறிய மண்ணை மிதித்தால் இறுகிவிடும். ஒரு பிடி எடுத்து அமுக்கி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். களிபோல் ஒட்டினால் இன்னும் ஆகவில்லை. ஈர மண் வெயிலில் சூடேறவும் நாளாகும், நீருக்கு வெப்பக் கொள்ளளவு அதிகம். ஐந்து டிகிரி மண்ணிலேயே பட்டாணியும் ஸ்பினாச் கீரையும் மெல்ல முளைத்துவிடும், சாம்பல் மிச்சப்படுத்திக் கொடுத்த நாள்கள் அவற்றுக்குத்தான். கத்தரிக்கும் மிளகாய்க்கும் மண் 18 டிகிரியாவது தொட வேண்டும், இரவு உறைபனி அறவே நிற்க வேண்டும். ஸ்கார்பரோவில் பலர் விக்டோரியா தினம், அதாவது மே 25-க்கு முந்திய திங்கட்கிழமை வரை பொறுப்பது அதனால்தான். அதுவரை அந்த நாற்றுகளைச் சற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றி, மே முதல் வாரத்திலிருந்து பகலில் மட்டும் சில மணி நேரம் வெளியே வைத்துப் பழக்குங்கள். மாலையில் மறக்காமல் உள்ளே எடுத்துவிடுங்கள். வெண்டிக்கு ஜூன்தான்.