தண்ணீர் – ஆழம்: 5 நொடி

ஆழ்மனம் என்று ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்களே, அதை யாராவது அளந்து பார்த்ததுண்டா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கனவுக்குப் பலன் சொல்வதுபோல ஆளுக்கொரு விளக்கம் தரும் துறைதானே என்ற சந்தேகமும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. நியாயமான சந்தேகம்தான். ஆழ்மனம் பற்றிய கோட்பாட்டால் பெயர்பெற்ற வியன்னா மருத்துவர் ஃபிராய்டின் கனவு விளக்கங்களில் பலவற்றைச் சரி என்றோ தப்பு என்றோ சோதித்துச் சொல்ல வழியே கிடையாது. ஆனால் அதே காலகட்டத்தில் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர மனநல மருத்துவமனை ஒன்றில், ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு அளந்திருக்கிறார்கள்.

மருத்துவமனையின் பெயர் புர்க்ஹோல்ஸ்லி. தலைமை மருத்துவர் ஆய்கன் பிளாய்லர். 1900 டிசம்பரில் அங்கே வேலைக்குச் சேர்ந்த இளம் மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங். ஒரு சொல்லைச் சொல்லி, மனதில் தோன்றும் முதல் சொல்லைக் கேட்கும் சோதனை யுங் கண்டுபிடித்ததல்ல. 1879-லேயே இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற அறிவியலாளர் 75 சொற்களை வைத்துத் தன்னைத்தானே சோதித்திருந்தார். ஆனால் முந்தைய ஆய்வாளர்கள் தேடியது எண்ணங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பொது விதியை. திக்கல், தடுமாற்றம், பதில் வராமல் போவது இதெல்லாம் அவர்களுக்குக் குப்பை. யுங்கும் சக மருத்துவர் ஃபிரான்ஸ் ரிக்லினும் அந்தக் குப்பையைக் கிளறினார்கள்.

சோதனை எளிது. நூறு சொற்கள் கொண்ட பட்டியல். தலை, பச்சை, தண்ணீர், பாடு, கப்பல், ஜன்னல் என்று சாதாரணச் சொற்களாகவே இருக்கும். நடுநடுவே பணம், சாவு, சண்டை, திருமணம் போன்றவை ஒளிந்திருக்கும். சோதிப்பவர் ஒவ்வொரு சொல்லையும் ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லி ஸ்டாப்வாட்சை அழுத்துவார். பதில் வந்ததும் நிறுத்துவார். யுங்கின் கடிகாரம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை காட்டும். நூறும் முடிந்த பிறகு, மறுபடி முதலிலிருந்து வந்து, 'இதற்கு முன்பு என்ன சொன்னீர்கள்?' என்று கேட்க வேண்டும். இந்த இரண்டாம் சுற்றை விட்டுவிட்டால் சோதனையில் பாதி போச்சு. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

யுங் பதிவுசெய்த ஒரு நோயாளியின் பதில்களிலிருந்து சில வரிகள்: தலை – முடி, 1.4 நொடி. பச்சை – புல்வெளி, 1.6. தண்ணீர் – ஆழம், 5.0. நீளம் – மேசை, 1.2. கப்பல் – மூழ்கும், 3.4. ஏரி – தண்ணீர், 4.0. மை – கறுப்பு, 1.2. நீச்சல் – தெரியும், 3.8.

பதில்களை மட்டும் படித்தால் ஒன்றுமே தெரியாது. 'தண்ணீர்' என்றால் 'ஆழம்' என்று யாரும் சொல்லலாம். நேரத்தையும் சேர்த்துப் படித்தால்தான் கதை மாறுகிறது. ஒன்றரை நொடியில் ஓடிக்கொண்டிருந்த ஆள் நான்கு இடத்தில் மட்டும் முட்டி நிற்கிறார். நான்கும் நீர் சம்பந்தப்பட்டவை. அவர் சமீபத்தில் தண்ணீரில் விழுந்து உயிரை விடலாமா என்று எண்ணியிருந்தார். அதை அவர் சொல்லவில்லை, கடிகாரம் காட்டியது.

ஏன் தாமதம்? ஒரு சொல் காதில் விழுந்ததும் அதோடு பிணைந்த பல சொற்கள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. வலுவானது முந்திக்கொண்டு வாய்க்கு வருகிறது. அந்தச் சொல் ஆறாத புண்ணைத் தொட்டுவிட்டால், முந்திக்கொண்டு வருவது வெளியே சொல்ல முடியாத விஷயம். அதை நிறுத்த வேண்டும், வேறொரு சாதுவான சொல்லைத் தேட வேண்டும், கூடவே பதற்றம் கவனத்தைப் பிடித்து இழுக்கும். அதற்கெல்லாம் ஆகும் செலவுதான் அந்த இரண்டு மூன்று நொடி. இத்தனையும் நடப்பது சோதனைக்கு உட்பட்டவருக்குத் தெரிவதில்லை. தான் வழக்கம்போலத்தான் பதில் சொன்னதாக நினைப்பார். ஒரே உணர்ச்சியைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் இந்த எண்ணக் கொத்துக்கு யுங் பயன்படுத்திய பெயர் 'காம்ப்ளெக்ஸ்'. 'அவனுக்கு ஒரே காம்ப்ளெக்ஸ்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதே சொல்தான்.

இதில் அழகான விஷயம், அதிர்ச்சி அந்தச் சொல்லோடு நிற்பதில்லை. குழியில் விழுந்து எழுந்த வண்டி கொஞ்ச தூரம் ஆடிக்கொண்டே போவதுபோல, அடுத்து வரும் அப்பாவிச் சொல்லுக்கும் பதில் தாமதமாகும். அதனால் நீளமான நேரத்தைப் பார்த்ததும் அந்தச் சொல்லையே குற்றவாளியாக்கக் கூடாது; முந்தின சொல்லையும் பார்க்க வேண்டும். இரண்டாம் சுற்றின் பயன் இங்கேதான். தட்டுத்தடுமாறி எடுத்த பொய்ப் பதில் மனதில் ஒட்டாது. அதனால் 'முன்பு என்ன சொன்னீர்கள்?' என்றால் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் மறந்திருப்பார்கள். பிறகு யுங், மிகச் சிறிய மின்னோட்டத்தையும் முள்ளால் காட்டும் கால்வனோமீட்டரையும் சேர்த்துக்கொண்டார். பதற்றத்தில் உள்ளங்கை வியர்வைச் சுரப்பிகள் தூண்டப்படும், தோல் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், முள் ஆடும். சொல் விழுந்து ஒன்று முதல் மூன்று நொடிக்குப் பிறகே ஆடும் என்பதை மறந்து வேகவேகமாகச் சொற்களை அடுக்கினால், எந்த ஆட்டம் எந்தச் சொல்லுக்கு என்பதே குழம்பிவிடும்.

கணக்கிலும் ஒரு பொறி உண்டு. நூறு பதிலில் 95 பதில் 1.6 நொடி, ஐந்து மட்டும் 20 நொடி என்றால் சராசரி 2.5 நொடியாக ஏறிவிடும். 3 நொடித் தாமதம்கூட இயல்பாகத் தெரியும். அதனால் யுங் சராசரியை விட்டுவிட்டு, நேரங்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை அளவுகோலாக வைத்தார்.

தமிழில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் ஜெர்மன் பட்டியலை அப்படியே மொழிபெயர்த்தால் ஏமாந்துபோவார்கள். 'ஆறு' என்றால் நதியா, எண்ணா, ஆறிப்போவதா? 'மாலை' பொழுதா, கழுத்தில் போடுவதா? 'படி' மாடிப்படியா, பாடத்தைப் படிப்பதா, அளக்கும் படியா? பல பொருள் தரும் சொல்லுக்கு யாருமே தயங்குவார்கள். அதில் ஆழ்மனம் ஒன்றுமில்லை. அரிதாகப் புழங்கும் சொல்லும் அப்படித்தான். 'நீர்' என்று ஏட்டுத் தமிழில் கேட்பதைவிட 'தண்ணி' என்றே கேட்பது நல்லது. முதலில் பத்து இருபது பேரிடம் பட்டியலைச் சோதித்து, எல்லோரையும் தாமதிக்கவைக்கும் சொற்களைத் தூக்கிவிட வேண்டும்.

யுங் இதை வைத்துத் திருடரையும் பிடித்தார். ஒரு மருத்துவமனையில் செவிலியர் ஒருவரின் பர்ஸ் காணாமல்போனது. மூன்று பேர் மேல் சந்தேகம். பர்ஸின் அடர்சிவப்புத் தோல், அதற்குள் இருந்த 50 ஃபிராங்க் நோட்டு, வெள்ளிச் சங்கிலி, செருப்புக் கடை ரசீது ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை பட்டியலில் கலந்தார். ஒருவர் அந்தச் சொற்களில் திரும்பத் திரும்ப இடறினார். அன்று மாலையே ஒப்புக்கொண்டார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரி. ஆனால் குற்றமில்லாத நெஞ்சும் குறுகுறுக்குமே! 1906-ல் வியன்னாவில் சட்ட மாணவர்களிடம் பேசிய ஃபிராய்ட் இதைத்தான் எச்சரித்தார். ஒரு தப்பைச் செய்தாயா என்று கேட்டால் குழந்தை 'இல்லை' என்று சொல்லிவிட்டு அழும். கேட்ட தப்பைச் செய்திருக்காது, நமக்குத் தெரியாத வேறொன்றைச் செய்திருக்கும். கடிகாரம் எங்கே வலிக்கிறது என்று காட்டும், ஏன் என்று காட்டாது. கனவு விளக்கத்தில் நான் ஃபிராய்டை நம்பமாட்டேன். இந்த விஷயத்தில் அவர் பக்கம்தான்.

இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தவர் அமெரிக்க உளவியலாளர் டேவிட் லிக்கன், 1959-ல். 'நீ திருடினாயா?' என்று கேட்கவே வேண்டாம். 'பர்ஸ் என்ன நிறம்? கறுப்பா, பச்சையா, நீலமா, சிவப்பா, பழுப்பா?' என்று கேட்டுத் தோலின் மின்கடத்தலை மட்டும் பார்த்தால் போதும். பயந்த சுபாவக்காரருக்கு ஐந்து நிறத்துக்கும் முள் ஆடும். விவரம் தெரிந்தவருக்குச் சிவப்பில் தனியாக எகிறும். ஒரு கேள்வியில் தற்செயலாக மாட்ட ஐந்தில் ஒரு வாய்ப்பு. இப்படியே ஆறு கேள்வி கேட்டால், ஆறிலும் தற்செயலாக மாட்ட 15,625-ல் ஒன்றுதான். ஜப்பான் காவல்துறை இம்முறையை இன்றும் பயன்படுத்துகிறது. ஆனால் பர்ஸின் நிறம் காலைச் செய்தித்தாளில் வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஊரிலுள்ள எல்லோருக்கும் சிவப்பில் முள் ஆடும்.

நம் நாட்டில் நார்கோ அனாலிசிஸ் (மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் விசாரிப்பது), பொய்யறியும் கருவி, மூளை வரைபடம் ஆகியவற்றைச் சம்மதமில்லாமல் யார் மீதும் செய்யக்கூடாது என்று 2010 மே 5-ஆம் தேதி செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் பெரிய வழக்கு ஒன்று வந்தால் தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது 'நார்கோ செய்தால் உண்மை வந்துவிடும்' என்கிறார்கள். இன்னொரு பக்கம், 'ஆழ்மன சக்தியை எழுப்பித் தருகிறோம்' என்று கட்டணம் வாங்கும் வார இறுதி வகுப்புகள். அங்கே போகிறவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம்: எழுந்துவிட்டதை எதை வைத்து அளப்பீர்கள்? 1904-லேயே ஜூரிச்சில் அதற்கு ஒரு கடிகாரமாவது இருந்தது.