சி.ஆர்.பி. இறங்கியும் ஈ.எஸ்.ஆர். ஏன் இறங்கவில்லை?

உடலில் அழற்சி, அதாவது தொற்று, காயம் போன்றவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை, இருக்கிறதா என்று காட்டும் இரண்டு ரத்தச் சோதனைகள் சி.ஆர்.பி.யும் ஈ.எஸ்.ஆரும். நிமோனியா குணமாகி வீடு திரும்பியவரின் ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. சரியாகிவிட்டிருக்கும், ஈ.எஸ்.ஆர். மட்டும் 60 என்று உயர்ந்தே நிற்கும். வீட்டில் எல்லோருக்கும் கவலை வந்துவிடும். ஆள் தேறிவருகிறார் என்றால், பெரும்பாலும் அதற்குத் தேவையில்லை.

ஈ.எஸ்.ஆர்., அதாவது சிவப்பணுக்கள் படியும் வேகம், மிக எளிய சோதனை. சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் வெஸ்டர்கிரென் 1921-இல் வகுத்த முறைப்படி, உறையாதபடி சிட்ரேட் கலந்த ரத்தத்தை மெல்லிய குழாயில் செங்குத்தாக நிறுத்துவார்கள். சிவப்பணுக்கள் அடியில் படியப் படிய, மேலே தெளிந்த பிளாஸ்மா தெரியும். ஒரு மணி நேரத்தில் அது எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் அந்த எண். சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கும். தனித்தனியாக, மெதுவாக இறங்கும். உடலில் அழற்சி வந்தால் கல்லீரல் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. அது அந்த விலக்கத்தைக் குறைத்துவிட, அணுக்கள் காசு அடுக்கியதுபோல ஒட்டிக்கொள்கின்றன. அடுக்கின் எடை கூடுவதால் இறக்கமும் வேகமாகிறது.

ஆக, இது அழற்சியை நேராக அளப்பதில்லை. ரத்தசோகை, கர்ப்பம், வயது எல்லாமே இந்த எண்ணை ஏற்றிவிடும்.

சி.ஆர்.பி. அப்படியல்ல. அது சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்ற புரதம்; அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் அந்தப் புரதத்தையே நேரடியாக அளக்கிறோம். 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட்டும் பிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். நோயெதிர்ப்பு அணுக்கள் அனுப்பும் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் புரதம் கல்லீரலை எட்டியதும் சுரப்பு தொடங்கும். ஆறு மணி நேரத்துக்குள் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சம் தொடும். தூண்டுதல் நின்றால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஃபைப்ரினோஜென் பாதியாகவோ நாலு நாள் வரை ஆகும். அதனால்தான் ஈ.எஸ்.ஆர். இறங்க வாரக்கணக்கில் ஆகிறது.

நோயெதிர்ப்பு அமைப்பு தன் உடலையே தாக்கும் லூபஸ் நோயில் இன்னொரு விசித்திரம்: ஈ.எஸ்.ஆர். நன்றாக ஏறியிருந்தும் சி.ஆர்.பி. பல நேரம் அவ்வளவாக ஏறாது. அப்படிப்பட்டவருக்கு திடீரென சி.ஆர்.பி. எகிறினால், மருத்துவர் முதலில் தொற்று இருக்கிறதா என்றுதான் தேடுவார்.

அப்புறம், இரண்டு லேபின் சி.ஆர்.பி. ரிப்போர்ட்டை ஒப்பிடும்போது அலகைப் பாருங்கள். லிட்டருக்கு 12 மில்லிகிராம் என்பதும் டெசிலிட்டருக்கு 1.2 மில்லிகிராம் என்பதும் ஒரே அளவுதான்.