டிரக்: மருந்தா, போதைப்பொருளா, சரக்கா?

ஒரு பதவிக் குறிப்பைத் தமிழில் எழுதித் தரும் வேலை வந்தது. இரண்டே வரிதான். கனடா அரசில் மருந்துகளுக்கும் கஞ்சாவுக்கும் உரிய ஒழுங்குமுறையைப் பார்க்கும் சட்டக் குழுவுக்கு ஒருவர் தலைவராக இருக்கிறார். இதை எழுத எவ்வளவு நேரமாகிவிடும் என்று நினைத்து, கைக்கு வந்த சொற்களைப் போட்டு எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன். "கஞ்சாவுக்கு அரசாங்கமே வக்கீல் வச்சிருக்கா?" என்று கேட்டார்கள். அன்றைய வேலை அதோடு நின்றது.

கேட்டவர்கள் மேல் தவறில்லை. ஆங்கிலத்தில் 'டிரக்' என்ற ஒரே சொல் தலைவலி மாத்திரையையும் ஹெராயினையும் குறிக்கிறது. அங்கே ஓர் அலுவலகம் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தமிழில் மருந்து ஒரு கரையில் இருக்கிறது, போதைப்பொருள் மறுகரையில் இருக்கிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்தால் உறுத்துகிறது. சரி, அந்த 'டிரக்' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

ஆங்கிலத்துக்குள் இது 14ஆம் நூற்றாண்டில், பழைய பிரெஞ்சின் 'ட்ரோக்' வழியாக வந்தது. அதற்கும் முந்தைய வேரைப் பற்றி அகராதிக்காரர்களிடையே சண்டை இன்னும் ஓயவில்லை. அதிகம் சொல்லப்படும் கருத்து, 'உலர்ந்த' என்று பொருள் தரும் டச்சுச் சொல்தான் மூலம் என்பது. வேர், பட்டை, பிசின், விதை என்று காயவைத்துப் பீப்பாயில் அடைத்து வந்த பண்டத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாம். போதையைக் குறிக்கும் பொருள் மிகவும் பிந்தியது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அபினையும் அதன் சாறுகளையும் இந்தச் சொல்லால் சுட்டத் தொடங்கினார்கள்.

உலர்ந்த பண்டம், அப்புறம் மருந்து, அப்புறம் போதை. இந்த வரிசையைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்த தமிழ்ச் சொல் 'சரக்கு'. நாட்டு மருந்து விற்பவரிடம் சுக்கு, திப்பிலி, அதிமதுரம் எல்லாமே சரக்கு. சித்த மருத்துவத்தில் மருந்து செய்வதற்கு முன்னால் மூலப்பொருளைத் தூய்மைப்படுத்துவதற்குப் பெயரே சரக்குச் சுத்தி. தெருவில் இன்றைக்கு "சரக்கு இருக்கா?" என்று ஒருவர் கேட்டால் அவர் திப்பிலி தேடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். டிரக் நடந்த அதே வழியில் சரக்கும் தனியாக நடந்து அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. டிரக் என்பதற்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் எது என்று என்னைக் கேட்டால் சரக்கைத்தான் சொல்வேன். ஆனால் அதைச் சட்டப் புத்தகத்தில் போட முடியாது. இந்தியாவின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தை 'சரக்கு மற்றும் அழகுப் பொருள்கள் சட்டம்' என்று அச்சடித்துப் பாருங்கள்.

ஆகவே மருந்து. இது தமிழின் சொந்தச் சொல். மலையாளத்தில் மருன்னு, தெலுங்கில் மந்து, கன்னடத்தில் மத்து என்று உறவினர்கள் உண்டு. தெலுங்கில் மந்து என்றால் மதுவையும் குறிக்கும், கன்னட மத்து வெடிமருந்தாகவும் ஆகும். தமிழ் மருந்தும் அப்படியொன்றும் சாது இல்லை. பூச்சிமருந்து, எலிமருந்து, வெடிமருந்து, மயக்கமருந்து, இடுமருந்து என்று பட்டியல் நீளும். வயலுக்கு மருந்தடிப்பது கொல்வதற்காக. ஒருவர் "மருந்தைக் குடித்துவிட்டார்" என்ற செய்தி வந்தால் வீட்டில் அழுகைதான் கிளம்பும், யாரும் அவர் குணமடைந்துவிட்டார் என்று நினைக்கமாட்டார்கள். கிரேக்கத்தில் 'பார்மகோன்' என்ற சொல்லும் இப்படித்தான், நோய் தீர்ப்பதும் அதுவே, நஞ்சும் அதுவே. பார்மசி, பார்மசூட்டிக்கல் எல்லாம் அந்த வேரில் முளைத்தவை. மருந்துக்கு ஒரு பக்கம்தான் உண்டு என்று நாம் நம்புவது பழக்கத்தால் வந்தது.

குறளில் மருந்து என்ற அதிகாரத்தின் கடைசிக் குறள், நோயாளி, தீர்ப்பவன், மருந்து, பக்கத்திலிருந்து கொடுப்பவன் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே மருந்து என்கிறது. ஒரே குறளில் மருந்து பண்டமாகவும் வருகிறது, மருத்துவம் என்ற முழுத் துறையாகவும் வருகிறது. இன்னொன்று, அன்றாடப் பேச்சில் 'மருந்துக்குக்கூட இல்லை' என்கிறோம். துளியும் இல்லை என்று அதற்குப் பொருள். மருந்து என்றாலே சிறிய அளவு என்ற எண்ணம் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அளவு பார்ப்பதுதானே சட்டத்தின் வேலையும்.

இலங்கைத் தமிழில் நிலைமை வேறு. அங்கே அரசு எழுத்தில் ஔடதம் என்ற சொல் புழங்குகிறது. நமக்கு 'ஔ' எழுத்துக்குப் பாடப்புத்தகத்தில் ஔவையாரை விட்டால் கிடைத்த ஒரே உதாரணம். வடமொழியின் ஔஷதம்தான் இது. போதைப்பொருளை அங்கே 'அபாயகர ஔடதம்' என்பார்கள். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முன்னால் ஓர் அடைமொழியைச் சேர்ப்பதால் ஆங்கிலத்தின் அமைப்பு அப்படியே வந்துவிடுகிறது. கேட்க ஆவணத்தனமாக இருந்தாலும் சட்ட மொழிக்கு வசதியான ஏற்பாடு.

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் கண்டுபிடித்த வழி 'போதை மருந்து'. எனக்கு இதைக் கண்டாலே ஆகாது. போதை தருவது என்று சொல்லிக்கொண்டே மருந்து என்றும் சொல்கிறது. அபினிலிருந்து எடுக்கும் மார்பின் என்ற வலிமருந்து போல உண்மையிலேயே இரண்டுமாக இருப்பதற்கு இந்தப் பெயர் பொருந்தும். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் மார்பினையும், பொட்டலத்தில் கைமாறும் ஹெராயினையும் ஒரே பெயரில் அழைத்தால், வலியில் துடிப்பவர் அதைச் சாப்பிடத் தயங்குவார். போதைப்பொருள் என்பதே போதும்.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இந்தியாவின் 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தில் டிரக் என்பதற்கு உள்ள விளக்கம் ஒரு தனிச் சுவை. மனிதருக்கும் விலங்குக்கும் தரும் மருந்துகள் எல்லாம் அதில் உண்டு. கொசு அண்டாமலிருக்க உடம்பில் பூசும் களிம்பு உண்டு. உள்ளே எதுவுமே இல்லாத வெறும் ஜெலட்டின் கேப்சூல் உறையும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகளும் இந்தச் சொல்லுக்குள் வந்துவிட்டன. 'மருந்து' என்று மொழிபெயர்த்துவிட்டு அதற்குள் வெப்பமானியை வைப்பது தமிழுக்குக் கொஞ்சம் மூச்சுமுட்டும் வேலைதான், ஆனால் வேறு வழியில்லை. இப்படி ஒரு சொல்லுக்குள் எது வரும், எது வராது என்று வரி வரியாக உட்கார்ந்து பார்ப்பதுதான் நான் மொழிபெயர்த்த அந்தக் குறிப்பிலிருந்தவர் போன்றவர்களின் அன்றாட வேலை.

கஞ்சாவுக்கு வருவோம். சொல் வடமொழியின் 'கஞ்ஜா'விலிருந்து வந்தது. சித்தர் மரபில் கோரக்கர் மூலி என்றும் பெயர் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும் 'கன்னபிஸ்' கிரேக்கச் சொல். கிரேக்கர்களும் அதைக் கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த சித்தியர்கள் போன்ற வேறு மக்களிடமிருந்து வாங்கியிருக்க வேண்டும் என்பார்கள். ஓவியர் வரையும் கேன்வாஸ் துணி கன்னபிஸிலிருந்து பிறந்த பெயர். ஆங்கிலத்தின் 'ஹெம்ப்' கூட அதே சொல்லின் ஜெர்மானிய உருவம்தான், k ஒலி h ஆகவும் b ஒலி p ஆகவும் மாறிவிட்டன.

கன்னபிஸ் என்றால் கஞ்சா என்று அகராதி சொல்கிறது. அதை நம்பி, இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 2ஆம் பிரிவை மொழிபெயர்க்கப் போனால் சிக்கிக்கொள்வீர்கள். அங்கே கன்னபிஸ் என்பதற்குள் மூன்று வகைகள் இருக்கின்றன: பிசினான சரஸ், கஞ்சா, இவற்றைச் சேர்த்த கலவைகள். அகராதிப்படி எழுதினால் 'கஞ்சா என்பது சரஸ், கஞ்சா ஆகியவை' என்று வரும். நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி. அந்தச் சட்டத்தில் கஞ்சா என்றால் செடியே அல்ல, செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள் மட்டும். நுனியோடு சேராத விதையும் இலையும் கஞ்சா ஆகா. வட இந்தியாவில் பாங்கு என்று அரைத்துக் குடிப்பது இந்த இலையைத்தான். அது இந்தச் சட்டத்தின் பிடிக்கு வெளியே, மாநில ஆயத்தீர்வை விதிகளிடம் இருக்கிறது. கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, தண்டனை அதற்கேற்ப ஏறும். எனவே பிடிபட்ட மூட்டையில் நுனி எவ்வளவு, இலையும் தண்டும் எவ்வளவு என்று நீதிமன்றத்தில் எடைக்கணக்கு வாதம் நடக்கும். ஒரு சொல்லின் பொருளைத் தராசில் வைத்து நிறுக்கும் இடம் அது.

கனடாவில் கோடு வேறு இடத்தில் விழுகிறது. 2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்த அவர்களுடைய கன்னபிஸ் சட்டத்தில் செடியின் இலையும் பூவும் உள்ளே, பூவும் இலையும் இல்லாத முதிர்ந்த தண்டும் அதன் நாரும் வேரும் வெளியே. அதாவது இந்தியச் சட்டத்தில் கஞ்சா ஆகாத தனி இலை அங்கே கன்னபிஸ். இந்த வேறுபாடு தெரியாமல் கனடாச் சட்டத்தில் கண்ட இடத்திலெல்லாம் 'கஞ்சா' என்று எழுதினால், இந்தியச் சட்டம் படித்த தமிழ் வாசகர் வேறொன்றைப் புரிந்துகொள்வார். என் முடிவு இது: செய்தியிலும் பேச்சிலும் கஞ்சா என்றே எழுதலாம், வேறு சொல் போட்டால் யாருக்கும் புரியாது. சட்ட விளக்கம், ஒப்பந்தம், உரிம விண்ணப்பம் என்று வந்தால் தலைச்சொல் கன்னபிஸ், அதன் ஒரு வகைக்குக் கஞ்சா, செடிக்குக் கஞ்சாச் செடி.

'ஹெம்ப்' இன்னும் மோசம். பலரும் அதைச் சணல் என்று எழுதிவிடுகிறார்கள். சணல் நமக்குச் சாக்குப் பை; அது வேறு செடி. வயலில் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பையும் வேறு செடி. ஹெம்ப் கஞ்சாச் செடியேதான், போதை தரும் டிஎச்சி குறைவாக இருக்கும் வகை. கனடாவில் பூவிலும் இலையிலும் 0.3 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. 'சணல் எண்ணெய்' என்று சீட்டு ஒட்டிய புட்டியை வாங்குபவர் எந்தச் செடியின் எண்ணெய் என்று தெரியாமலே வாங்குவார். நார்க்கஞ்சா என்று எழுதினால் என்ன? முகம் சுளிப்பார்கள், ஆனால் பொய் இருக்காது.

கடைசியாக, ரெகுலேட் என்ற வினைச்சொல். இலத்தீனில் 'ரெகுலா' என்றால் நேரான கோல், கோடு போட வைத்துக்கொள்ளும் அடிக்கோல். நம் செங்கோலும் அதுவே: செம்மையான, வளையாத கோல். வளைந்தால் கொடுங்கோல். இரண்டு மொழியும் ஆட்சியை ஒரு குச்சியின் நேர்மையில் பார்த்திருக்கின்றன. ஆனால் நடப்புச் சொல்லாக நமக்கு வாய்த்தது ஒழுங்குமுறை. மின்சாரத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் என்கிறோம். மருந்துக்கு மட்டும் பழைய வழக்கப்படி மருந்துக் கட்டுப்பாடு என்கிறோம். கட்டுப்பாடு என்ற சொல்லில் பிடித்து நிறுத்தும் வாடை அடிக்கிறது. ஒழுங்குமுறை என்பது ஒரு பொருள் எப்படிச் செய்யப்பட வேண்டும், எப்படி விற்கப்பட வேண்டும், உறையில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று வரையறுத்து, அதற்குப் பிறகு அனுமதிப்பது. தடை செய்வதும் அதற்குள் ஓர் அங்கம்தான், முழுவதும் அல்ல. "அரசாங்கமே வக்கீல் வச்சிருக்கா" என்ற கேள்விக்கு இதுவே பாதிப் பதில்.

மீதிப் பாதி, அந்த வழக்கறிஞர்கள் என்ன செய்கிறார்கள் என்பது. என் முதல் வரைவில் 'கஞ்சாவை ஒழுங்குபடுத்தும் சட்டக் குழு' என்று எழுதியிருந்தேன். அது பிழை. ஒழுங்குபடுத்துவது சுகாதாரத் துறை. சட்டக் குழு அந்தத் துறைக்கு ஆலோசனை சொல்கிறது: புதிய விதியின் வரைவு சட்டத்துக்குப் பொருந்துமா, உரிமம் மறுத்தால் நீதிமன்றத்தில் நிற்குமா, கன்னபிஸ் கலந்த ஒரு மருந்துக்கு எந்தெந்தச் சட்டம் பொருந்தும் என்பது மாதிரி. கனடாவில் இவர்கள் நீதித் துறையின் வழக்கறிஞர்கள். குற்ற வழக்கு நடத்துபவர்கள் தனி அமைப்பு. ஆகவே 'அரசு வழக்கறிஞர்' என்று மொட்டையாக எழுதினாலும் நம் வாசகருக்குக் குற்றவியல் நீதிமன்றம்தான் கண்ணில் தோன்றும். 'அரசின் சட்ட ஆலோசகர்' என்பது பொருத்தம்.

இத்தனைக்கும் பிறகு அந்த இரண்டு வரி இப்படி வந்தது: 'கனடா நீதித் துறையில் சட்ட ஆலோசகர். மருந்து, கஞ்சா ஒழுங்குமுறைச் சட்டங்கள் குறித்துச் சுகாதாரத் துறைக்கு ஆலோசனை வழங்கும் குழுவின் தலைவர்.' மறுபடி வீட்டில் படித்துக் காட்டினேன். இந்த முறை கேள்வி ஒன்றும் வரவில்லை. வேலை கொடுத்தவர்தான் போன் செய்து, கஞ்சா என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்.