மூச்சு விடும் புல் குவியல்

கோல்ஃப் மைதானத்தில் வெட்டிய புல்லை ஓரமாகக் குவித்து வைத்தால், உரமாக வேண்டியது ஏன் இப்படி நாறுகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பச்சைப் புல்லில் சத்துக்குப் பஞ்சமில்லை. குவியலுக்குள் காற்றுக்குத்தான் பஞ்சம்.

கார்பன், நைட்ரஜன் கணக்கு பலருக்கும் தெரிந்ததே. நுண்ணுயிரிகள் செழிக்க 25 முதல் 30 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் வேண்டும். பச்சைப் புல்லில் கார்பன் ஏறத்தாழ 17 பங்குதான். காய்ந்த சருகில் 50ஐத் தாண்டும். புல்லை மட்டும் குவித்தால் மிஞ்சும் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறந்துவிடும். போதாக்குறைக்கு, புல்லின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மெல்லிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நனைந்த பாய்போலப் படிந்துவிடும்.

அந்தப் படிவு எதைக் கெடுக்கிறது என்பது புரிய, நல்ல குவியல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். பாக்டீரியாக்கள் சர்க்கரையைச் சிதைக்கும்போது கிடைக்கும் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாகவே வெளியேறுகிறது. ஒன்றரை மீட்டர் உயரக் குவியலின் நடுவில் அந்தச் சூடு சுலபமாகத் தப்பாது. வெப்பநிலை 45 டிகிரியை நெருங்கும்போது, சூட்டைக் கிளப்பிய பாக்டீரியாக்களே அதைத் தாங்காமல் ஒடுங்கிவிடும். பேசிலஸ் வகையைச் சேர்ந்த வெப்பவிரும்பிகள் அவற்றின் இடத்தைப் பிடித்து, குவியலை 55, 60 என்று ஏற்றும். உள்ளிருக்கும் காற்று சூடாகி, ஈரம் ஏறி, எடை குறைந்து, உச்சி வழியாக மேலெழும். அது விட்டுச்சென்ற இடத்துக்கு அடிப்பக்கங்களிலிருந்து புதுக்காற்று புகும். ஆக்சிஜன் வரவரச் சூடு ஏறும். சூடு ஏற ஏறக் காற்று இன்னும் வேகமாக இழுபடும். விசிறி, மோட்டார் எதுவும் இல்லாமல் குவியல் தன் சூட்டாலேயே மூச்சு விடுகிறது! மக்குதலில் இதைவிட அழகான ஏற்பாடு வேறில்லை.

இடுக்குகளில் தண்ணீர் நிறைந்தால் இந்த மூச்சு நின்றுவிடும். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அங்கே பெருகி, கரிம அமிலங்களையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் வெளியிடுகின்றன. வாசகர் சொல்லும் நாற்றத்தில் பெரும்பங்கு இதுதான்.

மரச்சில்லு சேர்ப்பதன் முக்கியக் காரணமும் காற்றுதான். அதில் கார்பன் ஏராளம் என்றாலும் பெரும்பகுதி மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளோடு பிணைந்திருப்பதால் சில மாதங்களுக்குள் நுண்ணுயிரிகளுக்குக் கிடைக்காது. சில்லு இடைவெளியைக் காக்கிறது. கார்பனைத் தருவது சருகு. ஆகவே 100 கிலோ பச்சைப் புல்லுக்கு 35 கிலோ காய்ந்த சருகு, 25 கிலோ உலர்ந்த சில்லு என்று கலந்தால் விகிதம் 28ஐ ஒட்டியும் ஈரம் 60 சதவீதத்துக்குச் சற்றுக் கீழும் நிற்கும். கைப்பிடி கலவையை இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் நீர் வடியக் கூடாது.

சிக்கல் பருவத்தில் இருக்கிறது. குளிர்ப் பிரதேசங்களில் புல் தளதளவென்று வளர்வது வசந்தத்தில். சருகு கொட்டுவது இலையுதிர் காலத்தில். மழையும் கோடையும் மாறிவரும் இடங்களில் மழைக்குப் பிறகு புல் குவியும், வறண்ட மாதங்களில் சருகு உதிரும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. ஆகவே சருகைக் கொட்டும்போதே வாரி, நனையாமல் மூடிவைப்பதுதான் மைதானப் பராமரிப்பாளர் செய்யவேண்டிய முதல் வேலை.

நீண்ட தண்டுள்ள வெப்பமானியை நடுவரை செருகிப் பாருங்கள். 65 டிகிரியைத் தாண்டினாலும், 50க்குக் கீழே இறங்கினாலும் புரட்டிவிட வேண்டும். 70ஐத் தாண்டினால் வெப்பவிரும்பிகளே மடியும். களை விதைகளும் நோய்க்கிருமிகளும் சாக, 55 டிகிரிக்கு மேல் 15 நாள், இடையே ஐந்து முறை புரட்டல் என்பது நம்பகமான அளவு. ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வந்தால்தான் அதற்கும் சூடு கிடைக்கும். பிறகு இரண்டு மூன்று மாதம் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுப் பாதி மக்கியதைப் பரப்பினால், மிச்சத்தைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் மண்ணின் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும், புல் மஞ்சளடிக்கும்.

மக்கவைக்கும் பொடி என்று விற்கப்படுவதற்குக் காசு கொடுக்காதீர்கள். வேண்டிய உயிரிகள் சருகிலேயே இருக்கின்றன. காற்றில்லாத குவியலை எந்தப் பொடியும் காப்பாற்றாது. புல்தரை நோய்களை மட்கு உரம் கட்டுப்படுத்தும் என்று ஆய்வுகள் காட்டியிருந்தாலும் விளைவு குவியலுக்குக் குவியல் மாறுகிறது. அதைத் தீர்க்க நீண்டகால வயல் சோதனைகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். குறுகிய கால நிதி இதற்குப் பற்றாது.

குளோபிரலிட் தெளித்த புல்லைக் குவியலில் சேர்க்கவே கூடாது. அந்தக் களைக்கொல்லி மக்குதலின் சூட்டையும் தாண்டி நிற்கும். அந்த உரம் இட்ட பூச்செடி, தக்காளி, பீன்ஸ் இலைகள் சுருண்டுபோகும்.

ஆறிய உரத்தைச் சலித்து, சில்லுகளை அடுத்த குவியலுக்கு எடுத்துவைக்கலாம். பந்தை அடித்துச் செல்லும் நீண்ட புல்வெளியான ஃபேர்வேயில் குழாய் ஊசிகளால் மண்ணைத் துளையிட்ட கையோடு 6 மில்லிமீட்டர் பரப்புங்கள். 100 சதுர மீட்டருக்கு 0.6 கன மீட்டர் பிடிக்கும். புல் வேகமாக வளரும் பருவமே இதற்கு ஏற்றது: குளிர்கால வகைகளுக்கு வசந்தமோ இலையுதிர் காலமோ, வெப்பகால வகைகளுக்குக் கோடையின் தொடக்கம். மணற்படுகை மேல் அமைந்த க்ரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரைக்கு, இதைக் கொண்டுபோகாதீர்கள். நுண்துகள்கள் மணலின் துளைகளை அடைத்து வடிகாலைக் கெடுத்துவிடும். அங்கே மேலே தூவ மணலே போதும்.