மனவடு: ஆறிய தழும்பா, ஆறாத புண்ணா?

பெரிய ஆஸ்பத்திரிகளில் 'ட்ரோமா கேர்' என்று ஒரு பலகை இருக்கும். லாரியில் அடிபட்டவர்களையும் மாடியிலிருந்து விழுந்தவர்களையும் அங்கேதான் கொண்டுபோவார்கள். மனம் நொறுங்கியவர்களைப் பற்றிப் பேசும்போதும் இப்போது அதே ட்ரோமாதான். இரண்டில் பழையது பலகையில் உள்ள பொருள். கிரேக்க மொழியில் ட்ரோமா என்றால் காயம், அதுவும் உடம்பில் பட்ட காயம்.

அது மனதுக்கு இடம் மாறியதில் ரயிலுக்கும் பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ரயில் விபத்தில் தப்பியவர்கள் சிலருக்கு வெளியே கீறல்கூட இருக்காது. ஆனால் தூக்கம் போய்விடும், நடுக்கம் வந்துவிடும். முதுகுத்தண்டு குலுங்கியதால் வந்த கோளாறு என்று 1866இல் எழுதினார் ஜான் எரிக் எரிக்சன் என்ற அறுவை மருத்துவர். ஜெர்மனியின் ஹெர்மன் ஓப்பன்ஹைம் 1889இல் இதை ட்ரோமாவால் வரும் நரம்புநோய் என்றார். முதல் உலகப் போரில் சிப்பாய்களுக்கு வந்தபோது 'ஷெல் ஷாக்', அதாவது குண்டு அதிர்ச்சி என்றார்கள். வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காகப் பலர் வாதாடிய பிறகு, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பி.டி.எஸ்.டி. என்ற பெயர் ஏறியது.

சரி, தமிழில்? 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்று எழுதுகிறார்கள். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. போதாததற்கு, டிப்ரஷனையும் நாம் மன அழுத்தம் என்றே சொல்வதால் குழப்பம் வேறு. ஈழத்தில் இதைவிட நல்ல சொற்கள் புழங்குகின்றன. ஸ்ட்ரெஸ்ஸுக்கு நெருக்கீடு, ட்ரோமாவுக்கு மனவடு. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர்க்காலத்தில் எழுதியவற்றில் இந்தச் சொற்களைப் பார்க்கலாம்.

மனவடு என்பதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. வடு என்றால் தழும்பு, அதாவது புண் ஆறிய பிறகு மிஞ்சும் தடம். பட்டாசுச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்குகிறவருக்கு எதுவுமே ஆறவில்லையே? மனப்புண் என்பதுதானே சரி? நானும் கொஞ்ச காலம் இப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தேன். என் வாயை அடைத்தது வள்ளுவர்:

தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே
நாவினாற் சுட்ட வடு.

உடம்பில் பட்டதைப் புண் என்கிறார், அது ஆறும் என்கிறார். மனதில் பட்டதை வடு என்கிறார், அதுதான் ஆறாது என்கிறார். மனவடு என்ற கூட்டுச்சொல் பின்னால் வந்தது என்றாலும், அதற்கான இடத்தை இந்தக் குறள் முன்பே போட்டு வைத்திருக்கிறது.

வடுவுக்கு இன்னொரு பொருளும் உண்டு: குற்றம், பழி. குடிகளைக் காக்கும் வேந்தன் குற்றவாளியைத் தண்டிப்பது 'வடுவன்று' என்று இன்னொரு குறள் சொல்கிறது. (மாவடு வேறு, அது பிஞ்சு.) இந்தப் பொருளும் நம் பேச்சுக்கு வேண்டியதே. உயிர்தப்பியவர்களை அரிப்பதில் பயம் பாதி என்றால், 'நான் மட்டும் ஏன் பிழைத்தேன், பிள்ளையின் கையை ஏன் விட்டேன்' என்ற பழி மீதி. கிரேக்கச் சொல்லில் இல்லாத இந்த இரண்டாவது பாதி தமிழ்ச் சொல்லில் இருக்கிறது.

அடுத்தது ஹீலிங். 'ஆன்மிக குணமாக்கல்' என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் ஹீலிங், முழுமையைக் குறிக்கும் ஹோல், புனிதத்தைக் குறிக்கும் ஹோலி மூன்றும் ஒரே வேரில் பிறந்தவை. உடைந்தது முழுசாக வேண்டும் என்ற ஆசை அதற்குள் இருக்கிறது. தமிழின் ஆறுதல் அவ்வளவு கேட்பதில்லை. பால் ஆறும், புண் ஆறும், 'ஆறுவது சினம்' என்றாள் ஔவை. எல்லாவற்றிலும் சூடு தணிகிறது, அவ்வளவுதான். பழைய ஆளாகத் திரும்பி வா என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு இந்தச் சொல்தான் நேர்மையாகத் தெரிகிறது.

மட்டக்களப்புப் பக்கத்துக் கண்ணகி கோயில்களில் வைகாசியில் நடக்கும் சடங்குக்குக் குளிர்த்தி என்றே பெயர். மதுரையை எரித்த அம்மனின் கோபத்தைப் பாட்டுப் பாடித் தணிக்கிறார்கள். கணவனை அநியாயமாகப் பறிகொடுத்தவளை ஊரே கூடி ஆற்றுகிறது. போர் நடந்த காலத்தில் அந்தப் பகுதி அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்பவர்களிடம், காணாமல்போன மகன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்கத் தாய்மார்கள் போனதை மானிடவியலாளர் பட்ரிஷியா லாரன்ஸ் பதிவு செய்திருக்கிறார். வெளியே வாய் திறக்க முடியாத நாட்களில் கோயிலில் அழ முடிந்தது.

சோமசுந்தரம் இதை மருத்துவத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். உடலையும் மனத்தையும் தளர்த்தும் பயிற்சியில் அவரவர் மதத்துச் சொல்லையோ தியானத்தையோ பயன்படுத்தினார். சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்கு ஜெபம், முஸ்லிம்களுக்கு இறைவனை நினைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ர், பௌத்தருக்கு மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி. மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் தேவைப்பட்டால் அவையும் கூடவே நடக்கலாம். 'விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு' என்பவரும், 'போன ஜென்மத்து வினை' என்பவரும் செய்வது வேறு வேலை. அவர்கள் வடுவின் இரண்டாம் பொருளை நோயாளியின் தலையில் கட்டுகிறார்கள்.

கவுன்சலிங்குக்கு ஈழத்தில் உளவளத்துணை என்பார்கள், ஆற்றுப்படுத்தல் என்றும் சொல்வதுண்டு. இதில் வருவது வேறு ஆறு, வழி என்ற பொருள் கொண்டது. ஆற்றுப்படை என்ற சங்ககாலப் பாட்டுவகையில் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வான். தானே நடந்து வந்த பாதை என்பதால் எங்கே திரும்ப வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அப்புறம், சொல்லைக் கேட்பவர் காதில் சூட்டை ஆற்றுவதும் சேர்ந்தே விழுகிறது.

எந்த ஆற்றுதலும் எட்டாத இடமும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சைவர்கள் இறந்தவருக்கு 31ஆம் நாள் அந்தியேட்டி என்ற சடங்கு செய்வார்கள். மகன் காணாமல் போயிருந்தால் நாளை எங்கிருந்து எண்ணுவது? செய்தால் அவனைத் தானே சாகடித்ததுபோல் ஆகிவிடும், செய்யாவிட்டால் அவன் அலைவானோ என்ற பயம். இந்த நிலைக்கும் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: ஆற்றாமை.