கொத்திய அம்மியும் குன்னூர் ரயிலும்

எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில், மிக்ஸி வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்னும், ஓர் அம்மி இடம் மாறாமல் கிடக்கிறது. குழம்புக்கு மசாலை அதில் அரைத்தால்தான் சரிப்படும் என்பது அம்மாவின் கட்சி. அம்மி கொத்துகிறவர் எப்போதாவது தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வந்தால் போதும், அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, கல் முழுவதும் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்த வைத்துவிடுவார். தேய்ந்து மழமழப்பான அம்மியில் மிளகாய் அரைபடாது, வழுக்கிக்கொண்டு ஓடும். குழவியை எவ்வளவு அழுத்தித் தள்ளினாலும் தோள் வலிக்குமே தவிர மசாலை மசியாது. அங்கே குறைவது பலம் அன்று, பற்று. நீலகிரி மலை ரயிலின் பொறியியல் முழுவதும் இந்த ஒரு குறையைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

கோடை விடுமுறையில் காரைக்குடியிலிருந்து அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு குடும்பமாகப் புறப்பட்டு, முதல் நாள் இரவே மேட்டுப்பாளையத்தில் தங்கி, காலை 7 மணியளவில் கிளம்பும் அந்த ரயிலைப் பிடித்தோம். நீல நிறப் பெட்டிகளையும் அவற்றின் அகலத்தையும் பார்த்த அம்மாவுக்குப் பழைய நினைவு வந்துவிட்டது. அகலப்பாதை வருவதற்கு முன் செட்டிநாடு ரயில் நிலையத்தின் வழியாக ஓடிய வண்டிகளும் இதே மீட்டர் பாதையில்தான் ஓடின. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர். வளைவுகள் நெருக்கமாக உள்ள மலையில் பாதை குறுகலாக இருப்பது வசதி. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரையிலான 46 கிலோமீட்டரில் 208 வளைவுகளும், 250 பாலங்களும், 16 சுரங்கங்களும் இருக்கின்றன. 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் திறக்கப்பட்ட இந்தப் பாதையை யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆனால் வளைவுகளைவிட ஏற்றமே இங்கு பெரிய சிக்கல். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்திலும், உதகை சுமார் 2,200 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை, மலையடிவாரத்தில் உள்ள கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட சுமார் 20 கிலோமீட்டரிலேயே வண்டி ஏறிக் கடக்கிறது. அங்கே மிகச் செங்குத்தான இடத்தில் 12.28 மீட்டர் தூரம் போவதற்குள் பாதை ஒரு மீட்டர் உயர்ந்துவிடுகிறது. படியேறிக் கோயிலுக்குப் போகும் குன்றக்குடிக்காரருக்கு இது ஓர் ஏற்றமாகவே தோன்றாது. ரயிலுக்கோ, 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்ந்தாலே அது கணிசமான ஏற்றம்.

ஏன் என்று பார்ப்போம். இரும்புப் பாதையின் மேல் இரும்புச் சக்கரம் உருளும்போது இரண்டும் தொட்டுக்கொள்ளும் பரப்பு ஏறக்குறைய சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். இரண்டுமே கெட்டியான பொருள்கள் என்பதால் நசுங்கி நெளிந்து ஆற்றலை வீணாக்குவதில்லை. சமதளத்தில் ஒரு டன் எடையுள்ள பெட்டியை நகர்த்திக்கொண்டே இருக்க, இரண்டு மூன்று கிலோ பாரத்தைத் தூக்கும் அளவுக்கு விசை இருந்தால் போதும். ரப்பர் டயர் பூட்டிய வண்டிக்கு இதைப்போல் நான்கைந்து மடங்கு வேண்டும். ரயில் சிக்கனமான வாகனமாக இருப்பதன் ரகசியம் இந்த வழுவழுப்பில்தான் இருக்கிறது. ஏற்றம் வந்தவுடன் கணக்கு தலைகீழாகிறது. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில், உருளும் தடையை விட்டுவிட்டாலும், புவியீர்ப்பு மட்டுமே ஒவ்வொரு டன்னையும் சுமார் 80 கிலோ விசையோடு கீழே இழுக்கிறது.

என்ஜினும் பெட்டிகளும் பயணிகளுமாக மொத்தம் 100 டன் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கீழ்நோக்கிய இழுப்பு மட்டும் 8 டன்னுக்குச் சற்று அதிகம். என்ஜின் மட்டும் 50 டன் என்றும், அந்த எடை முழுவதும் இயங்கு சக்கரங்களின் மேலேயே விழுகிறது என்றும் தாராளமாகக் கொண்டால், உலர்ந்த தண்டவாளத்தில் எடையின் நான்கில் ஒரு பங்கு, அதாவது 12 டன் வரை, அது பற்றித் தள்ளலாம். மழைத்தூறலோ, உதிர்ந்து நசுங்கிய இலையோ, பனி ஈரமோ படிந்தால் அந்தப் பற்று எடையில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து 5 டன்னுக்கு இறங்கிவிடும். தேவைப்படுவது 8, கிடைப்பது 5. கொதிகலனில் எவ்வளவு நீராவி இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் தண்ணீர் சிந்தியிருக்கும்போது ஓடி வருகிற பிள்ளைக்கு நேர்வதும் இதுவே. சாதாரண என்ஜின்கள் இதைச் சமாளிக்கத் தண்டவாளத்தின் மேல் மணல் தூவுகின்றன. இருபது கிலோமீட்டர் செங்குத்து ஏற்றத்தை மணலை நம்பி ஏற முடியாது. அப்படியே ஏறினாலும் இறங்குவதை நினைத்தால் வயிறு கலங்கும்.

வண்டி ஹில்குரோவ் நிலையத்தில் தண்ணீர் பிடிக்க நின்றபோது நாங்கள் இறங்கினோம். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, அவற்றைவிடச் சற்று உயரத்தில், ஒன்றையொன்று ஒட்டி இரண்டு இரும்புப் பட்டைகள் ஓடின. அவற்றின் மேல் விளிம்பு முழுவதும் வரிசையாகப் பற்கள். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, “இதென்னடா தம்பி, கொத்துன அம்மி மாதிரில்ல இருக்கு” என்றார். அதைவிடச் சுருக்கமாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

என்ஜினின் அடியில் உள்ள பல்சக்கரங்கள் இந்தப் பற்களில் பொருந்திச் சுழல்கின்றன. ஏணியில் ஏறுகிறவன் படியை மிதித்து ஏறுவதைப் போல, ஒவ்வொரு பல்லையும் உந்தி வண்டி மேலே போகிறது. ஒரு பட்டை போதாதா, எதற்கு இரண்டு என்று மகள் கேட்டாள். கூர்ந்து பார்த்தால் ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்துக்கு நேரே மற்றொன்றில் பள்ளம் இருப்பது தெரியும். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு மாறும் கணத்தில்தான் குலுக்கலும் தேய்மானமும் மிகுதி. பற்களை அரை இடைவெளி தள்ளிவைத்தால், ஒரு பட்டையில் பல் பிடி நழுவி மாறும் நேரத்தில் மற்றதில் பல் முழுமையாகப் பதிந்திருக்கும். பாரம் ஒரு கணமும் கைவிடப்படுவதில்லை. சுவிட்சர்லாந்தின் பொறியாளர் கார்ல் ரோமன் ஆப்ட் 1880களில் வகுத்த இந்த முறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இந்தியாவில் பல் தண்டவாளத்தின் மேல் ஓடும் ரயில் பாதை இது ஒன்றுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த முரண் ஒன்று உண்டு. சாதாரணத் தண்டவாளத்தில் எண்ணெய் சிந்தினால் அது ஆபத்து. பல் தண்டவாளத்துக்கோ தேய்மானம் குறைய வேண்டும் என்பதற்காக மசகு போடுகிறார்கள். பல் உராய்வை நம்பி நிற்பதில்லை. எதிரே உள்ள பல்லின் முகத்தில் முட்டுக்கொடுத்து நிற்கிறது. எனவே சுமக்கும் வேலையைச் சக்கரமும், ஏறும் வேலையின் பெரும்பகுதியைப் பல்லும் பகிர்ந்துகொள்கின்றன.

வேலை இரண்டாகப் பிரிந்ததும் என்ஜினும் இரண்டாக வேண்டியதாயிற்று. சக்கரம் நாளடைவில் தேய்ந்து விட்டத்தில் சிறுத்துப்போகும். பல்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையோ மாறாது. இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பூட்டினால், ஒன்று இவ்வளவு தூரம் போக வேண்டும் என்றும் மற்றது அதைவிடக் குறைவாகப் போக வேண்டும் என்றும் இழுபறி நடக்கும். ஆகவே சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரின் தொழிற்சாலையில் உருவான இந்த எக்ஸ் வகை என்ஜின்களில் நான்கு உருளைகள் (சிலிண்டர்கள்) வைத்தார்கள். அவற்றில் இரண்டு உருளைகள் சாதாரணச் சக்கரங்களை ஓட்ட, மற்ற இரண்டும் பல்சக்கரங்களை ஓட்ட. வெளியே நின்று பார்த்தாலே ஒரு பக்கத்தில் மேலும் கீழுமாக இரண்டு உருளைகள் தெரியும்.

நீராவி இவற்றுக்கு எப்படிப் போகிறது என்பதில்தான் நுட்பம். தண்ணீர் நீராவியாகும்போது அதன் கன அளவு 1,600 மடங்குக்கும் மேல் பெருகுகிறது. இட்லிக் கொப்பரையின் மூடி தடதடப்பது இந்தப் பெருக்கத்தால்தான். குக்கருக்குள் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ ஒரு மடங்கு கூடுதல் அழுத்தம் என்றால், ரயில் கொதிகலனில் பத்து மடங்குக்கும் மேல். அந்த நீராவி முதலில் சக்கரங்களுக்கான உருளைக்குள் போய் பிஸ்டனைத் தள்ளுகிறது. தள்ளி முடித்த பின்னும் அதில் அழுத்தம் மிச்சம் இருக்கும். சமதளப் பாதையில் அதைப் புகைபோக்கி வழியே விட்டுவிடுவார்கள். கல்லாறைத் தாண்டியதும் அதே நீராவியைப் பல்சக்கரங்களுக்கான உருளைக்குள் திருப்பி, இரண்டாம் முறை வேலை வாங்குகிறார்கள். தேங்காயை முதற்பால் பிழிந்த பின், அந்தத் திப்பியிலேயே இரண்டாம்பால் எடுப்பதைப் போன்ற சிக்கனம் இது.

சிக்கனம் மட்டுமன்று, இந்த வரிசைக்கு வேறொரு நற்குணமும் உண்டு. ஈரத்தில் சக்கரம் வழுக்கிச் சுழலத் தொடங்கினால், அதன் உருளை நீராவியை வேகமாக வெளியே தள்ளும். அது இரண்டு உருளைகளுக்கும் இடைப்பட்ட குழாயில் சேர்ந்து அங்கே அழுத்தத்தை உயர்த்தும். உயர்ந்த அழுத்தம் ஒரு பக்கம் சக்கரத்தின் பிஸ்டனை எதிர்த்து நின்று வழுக்கலை அடக்கும். மறுபக்கம் பல்சக்கரத்துக்குக் கூடுதல் உந்துதல் கொடுக்கும். ஓட்டுநர் கை வைப்பதற்கு முன்பே என்ஜின் தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. மின்னணுச் சாதனம் எதுவும் இல்லாத காலத்தில் வெறும் குழாய்களை வைத்து இதைச் சாதித்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட என்ஜின்களைப் பழுதுபார்ப்பதும், இந்த நூற்றாண்டில் புதிதாகவே செய்து கொடுத்ததும் நம் பக்கத்து ஊரான திருச்சியின் பொன்மலைப் பணிமனை. செட்டிநாட்டுக்காரர் கொஞ்சம் பெருமை பாராட்டிக்கொள்வதில் தவறில்லை.

என்ஜின் வண்டியின் முன்னால் இல்லாமல் பின்னால், அதாவது சரிவின் கீழ்ப்பக்கத்தில் இருப்பதைப் பலர் வேடிக்கையாகப் பார்த்தார்கள். அது பாதுகாப்புக்கான ஏற்பாடு. மேலே இருந்து இழுத்தால், இணைப்பு ஏதேனும் அறுந்த மாத்திரத்தில் பெட்டிகள் கீழே ஓடிவிடும். கீழே இருந்து தள்ளினால் எல்லாப் பெட்டிகளும் என்ஜினின் மேல் சாய்ந்து நிற்கின்றன. புகை முகத்தில் அடிக்காமல் முன்பெட்டியிலிருந்து காட்டைப் பார்க்கலாம் என்பது பயணிகளுக்குக் கிடைக்கும் உபரி. குன்னூருக்கு மேல் ஏற்றம் தணிவதால் பல் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து டீசல் என்ஜின் பூட்டி உதகைக்கு அழைத்துச் சென்றார்கள்.

திரும்பும் வழியில்தான் உண்மையான சோதனை. 100 டன் எடை குன்னூரிலிருந்து கல்லாறு வரை சுமார் 1,300 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 350 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணச் சீட்டை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். அத்தனையும் வெப்பமாக மாறி எங்காவது வெளியேறியாக வேண்டும். பிரேக் கட்டைகளை மட்டும் நம்பினால் அவை பழுத்துவிடும். அதனால் இறக்கத்தில் என்ஜினின் உருளைகளையே காற்றழுத்தும் பம்புகளாக மாற்றிவிடுகிறார்கள். நீராவிக்குப் பதில் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தும்போது பிஸ்டன் எதிர்த்து நிற்கிறது. சூடேறும் உருளையைத் தண்ணீர் செலுத்தித் தணிக்கிறார்கள். இது போக, ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் ஒரு பிரேக் ஊழியர் நின்றபடியே வருகிறார். அவர் கையில் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக்கும், பல்சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக்கும் தனித்தனியே இருக்கின்றன. ஓட்டுநரின் விசில்தான் அவர்களுக்குக் கட்டளை.

எங்கள் பெட்டியின் ஊழியர் விசில் கேட்ட கணத்தில், வெளியே பார்த்துக்கொண்டிருந்த முகத்தைத் திருப்பாமலேயே கைப்பிடியைக் கால் சுற்று இறுக்கினார். சற்று நேரத்தில் சூடான இரும்பின் வாடை வந்தது. மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகத்தில், பற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் கடகடப்பு தாலாட்டைப் போல் சீராக இருந்ததால், மகள் அப்பத்தாவின் மடியில் தூங்கிப்போனாள். கல்லாறில் பல் தண்டவாளம் முடிந்து அந்தச் சத்தம் சட்டென்று நின்றபோது, அமைதியில் திடுக்கிட்டு விழித்துக்கொண்டு, “அப்பத்தா, ரயில் நின்னுருச்சா?” என்றாள்.